பட்டாம்பூச்சி எண்ணுகிறவரின் பார்சல்

என் கணவர் மலைக்குப் போக ஆரம்பித்தது மில் வேலையை விட்டு வந்த பிறகுதான். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருடைய ஷிப்டை வைத்துத்தான் எங்கள் வீட்டில் சோறு வடிப்பதும் விளக்கை அணைப்பதும் நடந்தது. மில்லில் ஒரு பிரிவை மூடியபோது கணக்கை முடித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிட்டார். முதல் சில மாதம் வீட்டிலிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். கீல்களுக்கு எண்ணெய் விட்டார். மடவார் வளாகத்தில் எங்கள் தெருவில் சத்தம் போடாமல் திறக்கிற கதவு எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு கழற்ற எதுவும் மிச்சமில்லாமல் போனது.

அப்போதுதான் அவரோடு மில்லில் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். வனத்துறையின் அனுமதியோடு மலைக்குள் போய்ப் பறவைகளையும் பட்டாம்பூச்சிகளையும் கணக்கெடுக்கிற ஒரு சிறு குழுவில் அவர் இருந்தார். "ஒரு நாளைக்குச் சும்மா வந்து பாருங்க. புடிக்கலேன்னா வேண்டாம்" என்றார். என் கணவர் போனார். பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிவதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எனக்கு அது புரியவே இல்லை. நான் கோர்ட்டுக்கு எதிரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். நாள் முழுக்க வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும்தான். வேலை முடிந்தால் வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் போதும் என்றிருக்கும். இவர் வேலையே இல்லாமல் வந்தவர், ஒரு பூச்சியைப் பார்ப்பதற்காக மூச்சு வாங்க மலை ஏறுகிறார். "அம்புட்டு தூரம் போயி எத்தனை பட்டாம்பூச்சி பாத்தீங்க" என்று கேட்டால், "இன்னிக்குக் கொஞ்சம் கம்மிதான்" என்பார், கூலி குறைந்துவிட்டது போல.

ஒரு ஐப்பசியில், கூமாப்பட்டிப் பக்கம் ஏறிச் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் நல்ல வெயில். மேலே மழை கொட்டியிருக்கிறது. திரும்புகிற வழியில் இருந்த ஓடையில் தண்ணீர் வந்துவிட, கடக்க முடியாமல் எல்லாரும் அந்தப் பக்கமே ஒரு பாறைக்கு அடியில் தங்கிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்ததெல்லாம் போனில் ஒரு பெண் குரல்தான். நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு. ராத்திரி போட வேண்டிய மாத்திரை அடுப்படி அலமாரியில் அப்படியே இருந்தது. மறுநாள் மதியம் சட்டையெல்லாம் சேறாக வந்தார். குளித்தார். சாப்பிட்டார்.

"எப்படி இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு" என்றார்.

நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்கு ரொம்பக் குழப்பமாக இருந்தது. இனிமேல் போக வேண்டாம் என்றேன். சரி என்றார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவினார். அதற்கடுத்த ஞாயிறும் அதே வண்டியைக் கழுவினார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"போயிட்டு வாங்களேன்" என்றேன்.

"நீதானட்டி வேண்டாம்னு சொன்ன?"

"இப்ப நான்தான் போகச் சொல்லுதேன்."

"ஓடையில தண்ணி வந்தா?"

அவர் போனாலும் எனக்கு நிம்மதி இல்லை, போகாவிட்டாலும் இல்லை. டவர் இல்லாத இடத்திலிருந்து செய்தி அனுப்ப ஏதாவது வழி இருக்கிறதா என்று போனில் தேட ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

வழி இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, ஆரஞ்சு நிறக் கருவி. வெளிநாட்டுக்காரர்கள் அதைத் தோள்பையின் பட்டையில் மாட்டிக்கொண்டு பனி மலைகளில் நடக்கிற வீடியோக்களைப் பார்த்தேன். செயற்கைக்கோள் வழியாக, எந்தக் காட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒரு வரி அனுப்பலாம். 'நன்றாக இருக்கிறேன், தாமதமாகும்' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு வீடியோவில் ஒரு பெண் சமையலறையில் நின்றுகொண்டு அப்படி வந்த செய்தியைப் படித்துவிட்டு மறுபடி வெங்காயம் நறுக்கப் போனாள். அந்தப் பெண்ணைப் போல வெங்காயம் நறுக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

நம் நாட்டுக் கடைகள் எதிலும் அது கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மலையேறுகிறவர்களுக்கான சாமான்கள் விற்கிற ஒரு வெளிநாட்டுக் கடையில் இருந்தது. எந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்ட பட்டியலில் இந்தியாவும் இருந்தது. பட்டியலிலேயே இருக்கிறதே, பிறகென்ன என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்.

ஆர்டர் போடுவதே ஒரு வேலையாகிவிட்டது. பெயருக்கு இரண்டு கட்டம் கொடுத்திருந்தார்கள். முதல் பெயர், கடைசிப் பெயர். எனக்கு ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்தான் உண்டு. கடைசிப் பெயரில் இனிஷியலைப் போட்டேன். குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று சிவப்பில் வந்தது. ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்துப் பார்த்தேன், அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் எனக்கே அசிங்கமாக இருந்ததால் அழித்துவிட்டு அவருடைய பெயரை முழுதாகப் போட்டேன். அந்த எழுத்து அவருடையதுதானே. திருவா திருமதியா என்று கேட்கிற சின்னக் கட்டத்தில் முதலில் நின்றது 'திரு'. அதை நான் கவனிக்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் சாமான் வாங்கினால் அனுப்புகிற செலவு கிடையாது என்று கடை சொன்னது. சரி, மழைக்கு ஆகட்டும் என்று ஒரு ஜாக்கெட்டையும் சேர்த்துக்கொண்டேன்.

கார்டு வேலை செய்யவில்லை. வங்கிக்குப் போய், வெளிநாட்டுக்குப் பணம் போகிற வசதியைத் திறந்துவிடச் சொன்னேன். திரும்ப வந்து போட்டால் போனுக்கு ரகசிய எண் எதுவும் வராமலேயே பணம் போய்விட்டது. யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்து மறுபடி வங்கிக்கு ஓடினேன். "வெளிநாட்டுக் கடைன்னா சில சமயம் அப்படித்தான் மேடம்" என்றார்கள்.

இரண்டு பார்சலாக அனுப்பியிருந்தார்கள். முதலில் வந்தது ஜாக்கெட். அதைக் கொண்டுவந்தவர் வாசலில் வைத்தே வரி கேட்டார். ஏற்கெனவே பணம் கட்டியாயிற்றே என்றேன். அது கடைக்கு, இது கவர்மென்ட்டுக்கு என்றார். அந்த நேரம் பார்த்து என் கணவர் வெளியே வந்துவிட்டார். பிரித்துப் பார்த்தோம். மீடியம் சைஸ் என்றுதான் போட்டிருந்தேன். அந்த ஊரில் நடுத்தர உடம்பு என்பது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது.

"இது யாருக்கு?" என்றார்.

"உங்களுக்குத்தான். மழைக்கு."

உள்ளே கையை விட்டுப் பார்த்தார். விரல் நுனிகூட வெளியே வரவில்லை. "இதுக்குள்ள நாம ரெண்டு பேரும் போகலாம்" என்று சொல்லி மடித்து வைத்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஹிந்தி கலந்த இங்கிலீஷில் ஒரு ஆண் பேசினார். உங்கள் பெயரில் வந்த பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, உங்கள் ஆதார் வேண்டும் என்றார். நான் உடனே போனை வைத்துவிட்டேன். அந்த எண்ணையும் தடுத்துவிட்டேன். காரணம் இருந்தது. எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியருக்கு இதே மாதிரிதான் போன் வந்தது. உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று மிரட்டி, பகல் முழுக்க அவரை வீடியோவில் உட்கார வைத்துச் சேமிப்பையெல்லாம் வாங்கிவிட்டார்கள். அவருடைய புகாரை டைப் அடித்ததே நான்தான். அதனால் எனக்கு இதெல்லாம் அத்துப்படி என்று ஒரு நினைப்பு. வக்கீலிடம் போய்ச் சொன்னேன். எங்கள் வக்கீல் அறுபதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். "நல்ல காரியம் பண்ணீங்க. எல்லாரும் இப்படி இருந்தா நமக்குக் கேஸே வராது" என்றார்.

சாயங்காலம்தான் உறைத்தது, எனக்கு உண்மையிலேயே ஒரு பார்சல் வரவேண்டியிருக்கிறது என்று. கடை அனுப்பியிருந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால், பார்சல் சென்னையில் நிறுத்தப்பட்டிருப்பதாகக் காட்டியது. மின்னஞ்சலிலும் ஒன்று வந்திருந்தது. அதில் ஒரு நீல எழுத்து வரியை அழுத்தச் சொல்லியிருந்தார்கள். அழுத்தக்கூடாது என்றுதான் எல்லாரும் எச்சரிக்கிறார்கள். ஆனால் பார்சல் நிஜம். பார்சல் நிஜமென்றால் போனில் பேசியவரும் நிஜமா, இல்லை, பார்சல் இருப்பது தெரிந்து பேசுகிற வேறு யாரோவா? நிஜமானவரும் திருடனும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். இரண்டு பேருக்கும் என் ஆதார்தான் வேண்டும்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ராஜபாளையத்தில் இருக்கிற கூரியர் ஆபீசுக்கு பஸ் ஏறினேன். கவுண்டரில் என் வயதில் ஒரு பெண் இருந்தார். கம்ப்யூட்டரைச் செத்த நேரம் பார்த்தார்.

"ஹெல்டுன்னு காட்டுதுக்கா."

"எதுக்கு ஹெல்டு?"

"அது எங்களுக்குக் காட்டாது. சென்னைக்காரங்களுக்குத்தான் தெரியும்."

"அப்ப எனக்கு நேத்து போன் போட்டது சென்னைக்காரங்களா, திருட்டுப்பயலா?"

அவர் என் போனை வாங்கி அந்த எண்ணைப் பார்த்தார். "தெரியலக்கா. போன வாரம் எங்க வீட்டுக்காரருக்கே இப்படி ஒரு போன் வந்துச்சு. கூரியர் ஆபீசுல வேலை பாக்குதேன், எனக்கே கண்டுபிடிக்க முடியல" என்றார். அந்த மின்னஞ்சலைப் படித்துப் பார்த்துவிட்டு, இது எங்கள் கம்பெனிதான், பயப்படாமல் அனுப்புங்கள் என்றார். அவரே அதை அழுத்தி என் ஆதாரைப் போட்டனுப்ப உதவினார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. பார்சலில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லை, விளக்கம் வேண்டும். இது எனக்குச் சிரமமாகத் தெரியவில்லை. 'மேற்படி இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்' என்று வாரத்துக்கு ஒன்றாவது யாருக்காவது டைப் அடித்துக் கொடுக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு, பட்டாவுக்கு, பள்ளிக்கூடச் சான்றிதழுக்கு. இந்த முறை எனக்கே அடித்துக்கொண்டேன். என் பெயரோடு அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பவளும், அவருடைய ஒரு எழுத்தோடு இருப்பவளும் நானே என்று கையெழுத்துப் போடும்போது விசித்திரமாகத்தான் இருந்தது. அதையும் அனுப்பினேன். பெயர் விஷயம் முடிந்தது, இனிப் பொருளுக்கான உரிமத்தை அனுப்புங்கள் என்று எழுதினார்கள்.

என்ன உரிமம்? துப்பாக்கிக்குத்தான் உரிமம் கேட்பார்கள். அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று போய்க் கடைசியில் தமிழ் பேசுகிற ஒருவர் கிடைத்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், நீங்க வரவழைச்சிருக்கிறது சாட்டிலைட் கருவி. தொலைத்தொடர்புத் துறை லைசென்ஸ் இல்லாம நம்ம நாட்டுக்குள்ள வரக் கூடாது. நீங்க எந்தக் கம்பெனி?"

"கம்பெனி எல்லாம் இல்லைங்க. வீட்டுக்காரருக்கு வாங்கினேன்."

"அவர் எங்க வேலை பாக்கறார்?"

"வேலை இல்ல. அவிய மலைக்குப் போவாங்க."

"மலையில என்ன வேலை?"

"பட்டாம்பூச்சி எண்ணுவாங்க."

அதை அவர் அப்படியே டைப் அடிக்கிற சத்தம் கேட்டது.

"எந்த ஏரியா மேடம் அது? பார்டரா?"

"ஆமா. அந்தப் பக்கம் இறங்குனா கேரளா."

"நான் அந்த பார்டரைக் கேக்கல" என்றார். பிறகு, எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் வக்கீலிடம் முழுவதையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் இப்படித் துடைத்தால் கேஸ் நமக்குச் சாதகமாக இல்லை என்று அர்த்தம்.

"இதை வாங்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சார். வீடியோல பாத்தேன். வெங்காயம் நறுக்கிட்டு இருந்தாங்க."

அவருக்கு வெங்காயம் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. அவருக்கும் இந்தச் சட்டம் புதிதுதான். மதுரையில் ஒரு நண்பரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார். வெளிநாட்டில் எந்தக் கடையிலும் வாங்கலாம். ஆனால் இங்கே அது வைத்திருக்கக் கூடாத பொருள். தெரியாமல் வாங்கிவிட்டேன், திருப்பி அனுப்பிவிடுங்கள், முடியாவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு உரிமை எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். எழுதினோம்.

"போலீஸ் வருமா சார்?" என்று கேட்டேன்.

"வராதுன்னுதான் நினைக்கேன்" என்றார். நினைக்கேன் என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு வீட்டில் எந்நேரமும் எனக்கு ஒரு பதற்றம். வாசலில் வண்டி நின்றால் எட்டிப் பார்ப்பேன். இதற்கிடையில் என் கணவரும் ஒரு மாதிரியாக இருந்தார். எனக்குத் தெரியாமல் மாடியில் போய்ப் போன் பேசினார். தெரியாத எண்ணிலிருந்து வந்தால் எடுக்காதே என்று என்னிடம் ரெண்டு தடவை சொன்னார். என் முகத்தைப் பார்த்து ஏதோ கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் கேட்கவும் இல்லை. அவர் கேட்காததால் நானும் சொல்லவில்லை.

ஒரு நாள் நகல் மனு போடுவதற்காகக் கோர்ட்டுக்குள் போய்விட்டு ஆபீசுக்குத் திரும்பி வந்தேன். வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. உள்ளே வக்கீலுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பழுப்புக் கவர். என்னைப் பார்த்ததும் அதைச் சட்டென்று தொடைக்கு அடியில் வைத்தார்.

"நீ கோர்ட்டுக்குப் போயிருக்கன்னு சொன்னாவ" என்றார்.

"வந்துட்டேன். நீங்க எங்க இங்க?"

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா" என்றார் வக்கீல். "உங்க வீட்டுக்காரர் ஒரு புகார் எழுதணும்னு வந்திருக்கார். அவர் வாயாலேயே சொல்லட்டும்."

என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இந்த பார்சல் மோசடின்னு பேப்பர்ல எல்லாம் போடுதான்ல. அது எனக்கே வந்துருச்சு. நீ வேலைக்குப் போன பொறவு ரிஜிஸ்தர் தபாலு. என் பேரைப் போட்டு, திருன்னு போட்டு, நம்ம அட்ரெஸையும் சரியாப் போட்டிருக்கான். நான் வெளிநாட்டுல இருந்து சாட்டிலைட்டு சாமான் இறக்கிருக்கேனாம். நான் என்ன ராக்கெட்டா விடுதேன்? உனக்குத் தெரிஞ்சா பயந்துருவன்னுதான் சொல்லல. எந்தப் பயலோ என் பேர்ல வாங்கிருக்கான். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவோம்னு வந்தேன்."

கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். கூரியர் கம்பெனியின் கடிதம்தான். என் பெயரை விட்டுவிட்டுக் கடைசிப் பெயரை மட்டும் எடுத்து, அதற்கு முன்னால் திரு சேர்த்திருந்தார்கள்.

"அது நான் வாங்கினது" என்றேன்.

"எது?"

"அந்த சாட்டிலைட்டு."

அவர் என்னை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார். வக்கீல் மெதுவாக, "நீங்க ரெண்டு பேரும் வீட்ல பேசிக்கிடவே மாட்டீங்களா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்று வண்டியை ஆபீசிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தோம். ஏன் அப்படிச் செய்தோம் என்று ஞாபகமில்லை. வழியில், அந்தக் கருவியை வைத்து என்ன செய்வது என்று கேட்டார். டவர் இல்லாத இடத்திலிருந்து எனக்குச் செய்தி அனுப்பலாம், நானும் உங்களுக்கு அனுப்பலாம் என்றேன்.

"டவர் இல்லாததுதான எனக்கு அங்க புடிச்சதே" என்றார்.

நான் நின்றுவிட்டேன்.

"மில்லுல எந்த நேரமும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. மெஷின் நின்னா கூப்பிடுவான். சோத்துல கை வச்சா கூப்பிடுவான். நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து படுத்தாலும் கூப்பிடுவான். நீதான் பாத்திருக்கல்ல? அந்தச் சரிவு தாண்டுனதும் போனு செத்துரும். பொறவு என்னய யாரும் கூப்பிட முடியாது. மத்ததெல்லாம் அப்புறம்தான், பட்டாம்பூச்சி எல்லாம்."

இத்தனை மாதமாக எனக்குப் புரியாமல் இருந்த விஷயத்தைத் தெருவில் நின்று நாலு வரியில் சொல்லிவிட்டார். ஆனால் புரிந்த பிறகு நான் இன்னும் அதிகமாகக் குழம்பினேன். எது அவருக்குப் பிடித்ததோ அதையே இல்லாமல் ஆக்குவதற்குத்தான் நான் வெளிநாட்டிலிருந்து கருவி வரவழைத்திருக்கிறேன். என்மேலேயே கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அவர்மேல் வந்தது.

"நானும் கூப்பிடக் கூடாதா?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், சமாளிக்கவில்லை. "நீ கூப்பிடலாம்" என்றார். "ஆனா நீ மட்டும் கூப்பிடுத மாதிரி ஒரு போனு எங்க இருக்கு?"

"அதுதாங்க இது. அந்த நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும்."

கொஞ்ச தூரம் போன பிறகு, "கேட்டுப் பாக்கலாமா, லைசென்ஸு?" என்றார்.

கேட்டுப் பார்த்தோம். வக்கீல் அவருடைய மதுரை நண்பரிடமும், அந்த நண்பர் டெல்லியில் யாரிடமோ விசாரித்தார். மலையேறுகிற தனி ஆட்களுக்குக் கொடுப்பார்களா மாட்டார்களா என்பதே யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. ஒருவர் கிடைக்கும் என்றார். ஒருவர் கிடைக்கவே கிடைக்காது என்றார். விட்டுவிட்டோம்.

தை பிறந்த பிறகு உத்தரவு வந்தது. இந்த முறை என் பெயருக்கே வந்தது. பொருளை அரசு எடுத்துக்கொண்டது, என்மேல் வேறு நடவடிக்கை இல்லை. வெளிநாட்டுக் கடைக்கு எழுதினேன். உங்கள் நாட்டுச் சட்டத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பணிவாகப் பதில் போட்டு, அடுத்து வாங்குவதற்குத் தள்ளுபடி தருவதாகவும் சொன்னார்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பு என் கணவர் அந்த உத்தரவை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப அது இப்ப எங்க இருக்கும்?"

"சென்னையில ஏதாவது ஒரு ரூம்ல கெடக்கும்."

"சார்ஜ் இருக்குமோ?"

"எனக்கென்ன தெரியும்?"

"இல்ல, யாராச்சும் தெரியாம பொத்தானை அமுக்குனா உனக்கு மெசேஜ் வருமான்னு கேட்டேன்."

எனக்கும் அது தெரியவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் மறுபடி மலைக்குப் போகிறார். இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். சரிவைத் தாண்டுவதற்கு முன்னால் எனக்குப் போன் போட்டு, இனிமேல் கிடைக்காது என்று சொல்லிவிடுவார். திரும்பி அதே இடத்துக்கு வந்ததும் மறுபடி போடுவார். நல்ல ஏற்பாடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் முன்பெல்லாம் அவர் எப்போது எல்லைக்கு வெளியே போகிறார் என்பது எனக்குத் தெரியாது. வேலையில் மறந்துகூடப் போவேன். இப்போது அந்த நிமிஷம் தெளிவாகத் தெரிகிறது. அதிலிருந்து கவலை சரியாகத் தொடங்கிவிடுகிறது. இது முன்னைவிட நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் முதல் போன் போட்டுவிட்டு மலைக்குள் போன பிறகு, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. வேறு நாளாக இருந்தால் எடுத்திருக்கமாட்டேன். அன்றைக்கு முதல் மணியிலேயே எடுத்தேன். கூரியர் கம்பெனியின் பதிவுக் குரல். எங்கள் சேவையில் உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டது. மிகவும் திருப்தி என்றால் ஐந்தை அழுத்தவும், திருப்தி இல்லை என்றால் ஒன்றை அழுத்தவும். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எண்களைப் பார்த்தபடி நின்றேன். எதை அழுத்துவது என்று நிஜமாகவே தெரியவில்லை. அந்தக் குரல் கேள்வியை இன்னொரு முறை சொல்லிவிட்டு, நன்றி என்று தானாகவே வைத்துவிட்டது.